பதினோராவது தட்டில் வைத்த காப்பி

2024 ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். உட்லண்ட்ஸில் மழை அப்போதுதான் விட்டிருந்தது. வெயில் திரும்ப அடித்து, கார் நிறுத்துமிடத்துத் தார்த்தரையிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. பெண் வீட்டு அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் மின்தூக்கிக்கு முன்னால் நின்று சீர்த்தட்டுகளை எண்ணினேன். பத்து இருந்தன. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் எண்ணினேன். பத்துதான்.

ஜூரோங்கில் எங்கள் வீட்டை விட்டுப் புறப்படுவதற்கு முன் மேசைமேல் பதினொன்று இருந்ததை நானே பார்த்தேன். வேனில் ஏற்றும்போது மட்டும் எண்ணவில்லை, மழை கொட்டியது. கப்பல் பட்டறையின் சாமான் கிடங்கில் முப்பத்தொரு வருடம் மேற்பார்வை பார்த்தவன் ஏற்றும்போது எண்ணாமல் விட்டது அன்று ஒருநாள்தான்.

"சாக்லேட் தட்டு," என்றாள் என் மனைவி, வாயில் கை வைத்துக்கொண்டு. "உருகிடும்னு ஃப்ரிட்ஜுல வச்சேங்க. அங்கேயே இருக்கு."

என் அக்காவுக்கு எழுபத்தாறு வயது. எங்கள் குடும்பத்தில் எந்தச் சடங்குக்கும் அவள் சொல்வதுதான் சட்டம். "பத்துத் தட்டோட நிச்சயத்துக்குப் போனா உருப்படுமாடா? ஒத்தப்படையா இருக்கணும். போய் எடுத்துட்டு வா," என்றாள்.

"ஜூரோங் போய்ட்டு வர ஒன்றரை மணி நேரம் ஆகும்க்கா."

"நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள தட்டு மாத்தியாகணும்."

என் மகனுக்கு முப்பத்தெட்டு வயது. இதற்கு முன் மூன்று இடங்கள் பார்த்தோம். முதலாவது ஜாதகத்தோடு நின்றது. இரண்டாவது, பெண் ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்துப் போய்விட்டதால் நின்றது. மூன்றாவது ஏன் நின்றது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு, இனிமேல் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டான். நான்கு வருடம் கழித்து அவனாகவே ஒரு பெண்ணைப் பார்த்து, அவனாகவே வந்து சொன்னான். விலங்கு மருத்துவமனையில் தாதி என்றான். அந்த மாதம் அவன் குளியலறையில் பாடுவதைக் கேட்டு என் மனைவி கதவுக்கு வெளியே நின்று அழுதாள். இதுவும் நின்றுபோனால் அவன் வேறு யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அதனால்தான் பத்துத் தட்டைப் பார்த்ததும் எனக்குக் கைகால் ஓடவில்லை.

என் துணிப்பையில் ஒரு மரப்பெட்டி இருந்தது. பெண்ணின் அப்பாவுக்குத் தனியாகக் கொடுக்கலாம் என்று வாங்கியது. அவர் ஒரு நாளைக்கு ஐந்து தடவை பில்டர் காப்பி குடிப்பவர். தேக்கா கடைத்தெருவில் நான் வழக்கமாகக் காப்பித்தூள் வாங்கும் கடையில் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். புனுகுப் பூனைக் காப்பி. அந்தப் பூனை காப்பிப் பழத்தைத் தின்னும். சதை செரித்துக் கொட்டை மட்டும் வெளியே வரும். அதைப் பொறுக்கி, கழுவி, வறுத்து விற்கிறார்கள். கால் கிலோ இருநூற்று நாற்பது டாலர், எங்கள் பேச்சில் வெள்ளி. பேரம் பேசி இருநூற்றுப் பதினாறுக்கு முடித்தேன். ஒரு கிராம் எண்பத்தாறு காசு வருகிறது. என் வாழ்நாளில் தங்கத்தைத் தவிர வேறெதையும் கிராம் கணக்கில் இந்த விலைக்கு வாங்கியதில்லை.

"இத வச்சிடலாமா?" என்று பெட்டியை எடுத்துக் காட்டினேன்.

பெட்டியின் மேல் தங்க நிறத்தில் முத்திரை இருந்தது, சிவப்பு நாடா கட்டியிருந்தது. அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னது?"

"காப்பி. ஒசத்தி."

வாடகைக்கு எடுத்த தட்டுகளில் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. என் மகன் அதைப் பிரித்துக் கொடுத்தான். அக்கா பெட்டியை நடுவில் வைத்து, சுற்றிலும் வெற்றிலை அடுக்கி, மல்லிகை வைத்து, பெட்டியின் நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தாள். பதினொன்று ஆயிற்று. நாங்கள் ஒன்பதாவது மாடிக்குப் போனோம்.

கூடத்தில் விரிப்பு விரித்துத் தட்டுகளைப் பரப்பினோம். பெண்ணின் அப்பா ஒவ்வொரு தட்டையும் தொட்டு வாங்கிக்கொள்ள, இன்ன தட்டில் இன்னது என்று அக்கா உரக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். பழம், பட்டு, பூ, சந்தனம், லட்டு. கடைசித் தட்டுக்கு வந்தபோது அவளுக்கு அதன் பெயர் தெரியவில்லை. பெண்ணின் அப்பா தானே பெட்டியை எடுத்துக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படித்தார்.

"லுவாக் காப்பியா! சம்பந்தி, என்ன சம்பந்தி இது! இதெல்லாம் நான் வீடியோவுலதான் பார்த்திருக்கேன்!"

நாடாவை அவிழ்த்துத் திறந்தார். உள்ளே சீல் வைத்த அலுமினியத் தாள் பை ஒன்று இருந்தது. பையில் காற்றுப் போக ஊசித் துளை அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு. அதில் மூக்கை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அப்போது பெண், பட்டுச் சேலையில், அறை வாசலில் வந்து நின்றாள். அப்பாவின் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். திரும்பி உள்ளே போய்விட்டாள். என் மகன் பின்னாலேயே போனான். மூன்று நிமிடம் கழித்து அவன் மட்டும் வெளியே வந்தான்.

"அப்பா, அந்த பாக்ஸ் யாரு வச்சது?"

"நான்தான். ஏன்?"

"அவ வீக்கெண்ட்ல என்ன பண்றான்னு சொன்னேன்ல?"

"நாய் பூனை பார்க்கிறான்னு சொன்னே."

"மூசாங் ப்பா. சிக்லாப் பக்கம் டெரஸ் வீட்டுக் கூரைல எல்லாம் இருக்குமே, சிவெட், அது. ஆளுங்க போன் பண்ணி புடிச்சிட்டுப் போங்கன்னு சொல்வாங்க. இவ போயி, புடிக்காதீங்கன்னு பேசிட்டு வருவா. அஞ்சு வருஷமா இதான் பண்றா."

அதற்குள் அவளே வெளியே வந்தாள். கோபமாக இல்லை. "அங்கிள், தப்பா நினைக்காதீங்க. மத்த பத்தையும் கும்பிட்டு வாங்கிக்கிறேன். அந்த ஒண்ணு மட்டும் வேண்டாம்."

அக்காதான் முதலில் பேசினாள். "ஒரு தட்டத் திருப்பினா எல்லாத் தட்டையும் திருப்பின மாதிரிதாம்மா. வேண்டாம்னு ஒரு தட்டு வாசப்படி தாண்டினா அப்புறம் நாங்களும் தாண்ட வேண்டியதுதான்." அவள் மிரட்டவில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அதுதான். என் அக்காவுக்கே முதலில் வந்த ஓர் இடம் ஒரு வாழைத்தாரைத் திருப்பிக் கொடுத்ததால் நின்றுபோனது.

"அப்படி என்ன அதுல?" என்று பெண்ணின் அம்மா கேட்டார். அவருடைய தங்கை கைப்பேசியில் தேடிப் படித்துவிட்டு அவர் காதில் சொன்னார். அவர் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. "எதுலேருந்து எடுக்கிறது? ஐயோ! அத தட்டுல வச்சு, பூ வச்சு, குங்குமம் வேற வச்சிருக்கீங்களே!"

அக்கா விடவில்லை. "விபூதி எதுல பண்றாங்க? புது வீட்டுல பாலு காய்ச்சுறப்ப கோமியம் தெளிக்கிறோமே, அதென்ன பன்னீரா? அதுவுமில்லாம புனுகுப் பூனை. சாமிக்கே புனுகு சாத்துறோம்."

"அது பசு லா, அண்ணி!" என்றார் பெண்ணின் அம்மா.

"அம்மா, நான் அதுக்காகச் சொல்லல," என்றாள் பெண். "கழுவி வறுத்தா சுத்தம்தான், அதுல ஒண்ணும் இல்ல. புனுகும் கூண்டுல அடைச்சு வச்சு எடுத்ததுதான் ஆன்ட்டி. அதனாலதான் அதையும் நான் வாங்குறதில்ல."

"ஆமா," என்று அவள் அப்பா பெருமூச்சு விட்டார். பெட்டி இன்னும் அவர் கையில்தான் இருந்தது. "இவளால இந்த வீட்டுல எத்தனையோ வாங்குறதில்ல."

நான் ஒன்று சொன்னேன். வாதாட வேண்டும் என்று இல்லை, உண்மையாகவே நம்பித்தான் சொன்னேன். "இது காட்டுலேருந்து பொறுக்கினதும்மா. பெட்டியில போட்டிருக்கு பாரு."

"எல்லாப் பெட்டியிலயும் அதான் அங்கிள் போட்டிருக்கும். போன வருஷம் லீவுல நான் ஒரு காப்பித் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அங்க விக்கிற பெட்டியிலயும் காட்டுதுன்னுதான் போட்டிருந்தது. பின்னாடி போனா வரிசையா கூண்டு. அது ராத்திரி நடமாடற பிராணி. டூரிஸ்ட் பார்க்கணும்னு பகல்ல குச்சியால தட்டி எழுப்புறாங்க. காலைலயும் காப்பிப் பழம், சாயங்காலமும் காப்பிப் பழம். ஒண்ணு கூண்டுக்குள்ளயே சுத்திச் சுத்தி நடந்துட்டு இருந்துச்சு. நான் நின்ன நேரம் பூரா நிக்கவே இல்ல."

"கூண்டு எவ்வளவு பெரிசு?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் எனக்குக் கேட்கத் தோன்றியது அதுதான்.

அவள் குனிந்து, விரிப்பில் இருந்த இரண்டு தட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தினாள். "இவ்வளவு."

அவை பதினைந்து அங்குலத் தட்டுகள். முப்பதுக்குப் பதினைந்து. வாலோடு சேர்த்து அந்தப் பிராணி ஒரு கஜ நீளம் இருக்கும் என்று என் மகன் சொன்னான். நான் அந்த இரண்டு தட்டையும் பார்த்துக்கொண்டு நின்றேன். யார் என்ன எழுதி வைத்திருந்தாலும் மனம் ஏதாவது சாக்குச் சொல்லிவிடும். அளவுக்குச் சாக்குச் சொல்ல எனக்குத் தெரியாது. பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி, எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் ஒரு திருகாணியைக்கூட என் கிடங்குக்குள் நான் விட்டதில்லை. இதை மட்டும் எப்படி விட்டேன்?

கிடங்கு நினைவு வந்ததும் வழியும் தெரிந்தது.

"அக்கா, தட்டு வாசப்படி தாண்ட வேணாம். தப்பான சாமான் வந்தா நாங்க லாரியத் திருப்பி அனுப்ப மாட்டோம். சாமான மட்டும் மாத்திக் குடுன்னு சொல்வோம். தட்டு இங்கேயே இருக்கட்டும். அதுல வைக்கிறத மாத்திடறேன்."

அக்கா யோசித்தாள். அவளுக்கும் இந்த இடம் நின்றுபோகக்கூடாது. "மாத்தலாம். ஆனா மணி நாலு பத்து. நாலரைக்கு ராகு காலம் வந்துடுமே."

"சூரியன் ஆறு மணிக்கு உதிச்சு ஆறு மணிக்கு மறையற ஊருக்குத்தான் நாலரை. இங்க இன்னிக்கு உதிச்சது ஏழு மணிக்கு. மறையறது ஏழு பதினொண்ணு. பகல எட்டாப் பிரிச்சா ஞாயித்துக்கிழமை ராகு காலம் கடைசிப் பங்கு. அது அஞ்சு நாப்பதுக்குத்தான் ஆரம்பிக்குது," என்றேன்.

"என்னடா சொல்ற? காலண்டர்ல நாலரைன்னு போட்டிருக்கே."

"அந்தக் காலண்டர் சிவகாசில அச்சடிச்சது."

பெண்ணின் அப்பா விரல் விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப இத்தனை வருஷமா ஞாயித்துக்கிழமை நாலரைக்கு வீட்டுக்குள்ள அடைஞ்சு கெடந்துட்டு, அஞ்சு நாப்பதுக்கு நல்லா கெளம்பிக் கோயிலுக்குப் போயிருக்கேன்!" முதலில் சிரித்தது பெண்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு மூச்சு வந்தது.

"கீழ என்ன கடை இருக்கு?" என்று கேட்டேன்.

"நானும் வர்றேன் அங்கிள்," என்றாள் பெண். நிச்சயத்தன்று பெண் வெளியே போகலாமா என்று அவள் அம்மா தொடங்குவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை பக்கத்துப் புளோக்கின் கீழே திறந்திருந்தது டுரியான் பழக்கடை ஒன்றுதான். கடைக்காரச் சீனர், பட்டுச் சேலையையும் கழுத்து நகையையும் பார்த்துவிட்டு மலாயில் கேட்டார்: "வா, கவின் ஆ?" கல்யாணமா என்கிறார். "பெலும் லா அங்கிள், துனாங் சாஜா," இன்னும் இல்லை, நிச்சயம் மட்டும்தான் என்றாள் அவள். அவர் உடனே ஒரு பெரிய பழத்தைத் தூக்கித் தட்டிக் காட்டினார். "இன்னிக்கு மூசாங் கிங் ரொம்ப நல்லா இருக்கு" என்கிற பொருளில் மூன்று மொழிகளில் சொன்னார்.

"மூசாங்கா?" என்றேன்.

"அதேதான் அங்கிள், நம்ம ஆளு," என்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"வேண்டாம்மா. இன்னிக்கு அந்தப் பேரே வேண்டாம். வேற குடுக்கச் சொல்லு."

டி-இருபத்துநாலு என்ற ரகம் கொடுத்தார். இரட்டைப்படை எண்தான். பேசாமல் வாங்கிக்கொண்டேன். இரண்டு கிலோ இருநூறு, முப்பத்து மூன்று வெள்ளி. பேரம் பேச நேரமில்லை.

திரும்பும்போது மின்தூக்கியில் நாங்கள் இருவர் மட்டும். அவள் மெதுவாகக் கேட்டாள்: "அங்கிள், அந்த பாக்ஸ என்ன பண்ணப் போறீங்க?"

"கடையில திருப்பிக் குடுப்பேன்."

"குடுத்தா அவரு வேற யாருக்காவது வித்துடுவாரே. அது மட்டும் வேணாமே. உங்க காசு நான் தர்றேன்."

"காசெல்லாம் வேணாம்மா. அது யாருக்கும் விக்காமப் பார்த்துக்கிறேன்," என்று சொல்லிவிட்டேன். ஒன்பதாவது மாடி வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு வரப்போகிற பெண்ணுக்கு நான் கொடுத்த முதல் வாக்கு அது. எப்படிக் காப்பாற்றப் போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.

முள்ளுள்ள பழத்தைச் சீர்த்தட்டில் வைக்கலாமா என்று பெண்ணின் அம்மா தயங்கினார். "பலாவுல முள்ளு இல்லையா? இது பலாவோட தம்பி," என்று அக்கா தீர்ப்புச் சொன்னாள். மணி ஐந்து அடித்து ஐந்து நிமிடத்தில் தட்டு மாற்றினார்கள். மோதிரம் போடும்போது வீடு முழுக்க டுரியான் வாசனை.

அடுத்த நான்கு நாளும் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. பெட்டி எங்கள் வீட்டு மேசைமேல் இருந்தது. இருநூற்றுப் பதினாறு வெள்ளியைக் குப்பையில் போட எனக்குக் கை வரவில்லை. குடிக்கவும் முடியாது. திருப்பிக் கொடுத்தால் வாக்குத் தவறும். வியாழக்கிழமை காலை, எப்படியும் கடைக்காரரிடம் பேசிப் பார்ப்போம் என்று எடுத்துக்கொண்டு தேக்காவுக்குப் போனேன்.

கடைக்காரருக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். "பையில சீல் பிரிக்கலல்ல? குடுங்கண்ணே, முழுப் பணமும் தர்றேன். மாசக் கடைசிக்குள்ள யாராவது வாங்குவாங்க," என்றார்.

"இது காட்டுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பெட்டியில போட்டிருக்கேண்ணே."

நான் கூண்டைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "உங்க மருமக கோழி சாப்பிடுமா? அந்தக் கோழி மட்டும் மரத்துலயா இருக்கு?" என்றார். அவள் கோழி சாப்பிடுவாள்.

அலமாரியில் இன்னும் மூன்று பெட்டி இருந்தன. "இதுவரைக்கும் எத்தனை வித்தது?" என்று கேட்டேன்.

"நாலு வந்துச்சு. உங்களோடது ஒண்ணுதாண்ணே வித்துச்சு."

"விக்காம நின்னா?"

"எனக்கென்ன, வித்ததுக்கு மட்டும்தான் நான் காசு குடுப்பேன். மாசக் கடைசியில ஏஜெண்ட் வந்து விக்காதத எடுத்துட்டுப் போயிடுவான். வித்தது எத்தனையோ அத வச்சு அடுத்த மாசம் கூட வைப்பான்."

இதைக் கேட்டதும் என் மூளை வேகமாக ஓடத் தொடங்கியது. முப்பத்தொரு வருடம் நான் பார்த்த வேலை இதுதான். போன சாமானுக்குத்தான் மறுபடியும் சாமான் வரும். நான் இந்தப் பெட்டியை வீட்டில் வைத்துக்கொண்டாலும், மண்ணில் புதைத்தாலும், ஏஜெண்டின் கணக்கில் ஒன்று விற்றதுதான். அடுத்த மாதம் ஒரு பெட்டி கூடுதலாக வரும். நாலும் அப்படியே திரும்பிப் போனால் இந்தக் கடையில் இது ஓடாது என்று அவன் முடிவு கட்டுவான்.

கடை வாசலில் நின்று பெண்ணுக்குப் போன் செய்தேன். மருத்துவமனையில் நாய் ஒன்று குரைப்பது கேட்டது. நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"அங்கிள், அந்த ஏஜெண்ட் அத வேற கடையில கொண்டுபோய் வைப்பான்ல?"

"வைப்பான்."

"அப்ப ஒரு கடைதான் குறையும்."

"ஒண்ணுதாம்மா. ஆனா மாசா மாசம் நாலு பெட்டி குறையும்."

"நீங்க எங்க மூசாங் ஆளுங்களோட ஒரு சனிக்கிழமை வாங்களேன். எங்களுக்கு இப்படிக் கணக்குப் போட யாரும் இல்ல," என்றாள். "குடுத்துடுங்க. ஆனா மாசக் கடைசி வரைக்கும் அவரு விக்காம இருக்கணும்."

அதுதான் கடினம். உள்ளே போய்க் கடைக்காரரிடம் நேராகவே கேட்டேன்: மாதம் முடிய இன்னும் பத்து நாள், நாலு பெட்டியையும் அலமாரியிலிருந்து எடுத்து உள்ளே வைக்க முடியுமா?

"விக்காம இருக்கிறதுக்கு நான் கடை வைக்கலையேண்ணே."

"என் பெட்டியில உங்களுக்கு என்ன லாபம்?"

"அம்பத்தாறு."

"மத்த மூணும் எப்படியும் போகல. என்னோடதுல வந்த லாபத்த நீங்களே வச்சுக்குங்க. மீதியக் குடுங்க. ஏஜெண்ட் வந்தா நாலையும் எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

அவர் என்னையே பார்த்தார். இத்தனை வருடத்தில் அவரிடம் நான் பத்துக் காசு விட்டுக்கொடுத்ததில்லை. பிறகு அலமாரியைத் திறந்து மூன்று பெட்டியையும் எடுத்து, என் பெட்டியோடு சேர்த்துப் பின்னால் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் அடுக்கினார். "அம்பதே வச்சுக்கிறேண்ணே. உங்க பையன் கல்யாணத்துக்கு நான் வச்ச மொய்யா ஆறு வெள்ளி," என்றார். காலியான இடத்தில் ஊறுகாய் பாட்டில்களை வரிசையாக வைத்தார். அது அங்கே நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் முப்பதாம் தேதி மாலை அவரே போன் செய்தார். ஏஜெண்ட் வந்து நாலையும் எடுத்துக்கொண்டு, அடுத்த மாதம் வேண்டாம் என்று எழுதிக்கொண்டு போனானாம். இதைச் சொன்னதும் என் மகன் அவளுக்குச் செய்தி அனுப்பினான். அவள் பதிலுக்கு ஒரு படம் அனுப்பினாள். சிக்லாப்பில் ஏதோ ஒரு வீட்டு ஓட்டுக் கூரையின் விளிம்பில் ஒரு மூசாங், வால் கீழே தொங்க, படம் எடுப்பவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. அளவு பார்க்க என்னால் முடிந்த அளவு பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு கஜம் என்று அவன் சொன்னது சரிதான்.

கல்யாணம் ஆவணியில். சம்பந்தியின் காப்பி மட்டும் பாக்கி நின்றது; கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டது போல ஆகக்கூடாது. அதே கடையில், சிக்கரி சேர்க்காத பீபரி காப்பித்தூள் அரை கிலோ, பதினொரு வெள்ளி ஐம்பது காசுக்கு வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் பையைப் பிரித்து, கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்துவிட்டு, "இந்த வாசனை அதுல இல்ல சம்பந்தி," என்றார். எனக்காகச் சொன்னாரா, உண்மையாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. காப்பிக் கடைக்காரருக்கு விட்ட ஐம்பது, டுரியான், பீபரி எல்லாம் சேர்த்து எனக்குச் செலவானது தொண்ணூற்று நான்கு வெள்ளி ஐம்பது காசு.